குடியிருக்க ஓர் இடம்

என்னிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர் நியூயார்க் நகரில் அலுவல் ஏற்றார். அந்நகரின் ஐந்து பெரும் பிரிவுகளுள் ஒன்றாகிய புரூக்ளினில் வாடகை வீடு தேடிக்கொண்டிருந்த அவர், ஒருநாள் தொலைபேசியில், “ஐயா, இங்கே எவ்விடத்தில் குடியேறினால் நலம்?” என்று வினவினார். நாற்பது ஆண்டுகள் ஒரே தெருவில் வாழ்ந்தவனிடம் கேட்கத்தக்க வினாவா இது! ஆயினும், வரலாறு கற்பித்தவன் ஆதலின், அவ்வூரின் பழங்கதையைத் தேடிப் படிக்கலானேன்.

புரூக்ளின் 1898 வரை தனி நகரம். அதற்கும் முன்னே அங்கிருந்தவை ஆறு சிற்றூர்கள். அவற்றுள் ஐந்து டச்சுக்காரர் அமைத்தவை. ஆறாவதாகிய கிரேவ்செண்ட், 1645-இல் டெபோரா மூடி என்னும் ஆங்கிலப் பெண்மணியின் தலைமையில், தம் மனம் ஏற்ற சமயநெறியில் வாழ விரும்பியோர்க்காக எழுந்தது. 1814-இல் நீராவிப் படகு ஆற்றைக் கடக்கத் தொடங்கியதும், மன்ஹாட்டன் வணிகர் எதிர்க்கரை மேட்டில் வீடு கட்டிக்கொண்டனர். 1903-இல் வில்லியம்ஸ்பர்க் பாலம் திறக்கப்பட்டபின், இட நெருக்கடியால் வாடிய யூதக் குடும்பங்கள் பல அதன் வழியே வந்து குடியேறின. வழி திறந்த பக்கம் மக்கள் பெயர்தல் எவ்வூர்க்கும் இயல்பே.

ஆனால், மாணவர்களே, என் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது வேறொரு குடியேற்றம். நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை 1827-இல் ஒழிந்தது. ஒழிந்தும் என்ன? 1821-ஆம் ஆண்டு அரசமைப்பின்படி, கறுப்பினத்து ஆடவர் வாக்களிக்க வேண்டுமாயின் 250 டாலர் பெறுமானச் சொத்து வைத்திருத்தல் வேண்டும். வெள்ளையர்க்கு அத்தகைய தடை விரைவில் நீங்கிவிட்டது. (பெண்களை இருசாராருமே எண்ணிப் பார்க்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.) இந்நிலையில், 1838-இல் ஜேம்ஸ் வீக்ஸ் என்னும் கறுப்பினத் துறைமுகத் தொழிலாளி, நகரை விட்டு விலகிய மேட்டுப்பாங்கான ஓரிடத்தில் நிலம் வாங்கினார். அவரைச் சார்ந்து பலர் வந்தனர். ஊருக்கு வீக்ஸ்வில் என்று பெயராயிற்று. அங்கே மனை வாங்குதல் நிழலுக்கு மட்டுமன்று, வாக்குரிமைக்கும் வழியாயிற்று. கோயில்கள் எழுந்தன, முதியோர் இல்லமும் எழுந்தது. பள்ளிக்கு ஜூனியஸ் மோரல் என்பார் தலைமையாசிரியராக விளங்கினார். என் தொழிலைச் சேர்ந்தவர் என்பதால் அப்பெயரை இருமுறை வாசித்தேன். 1863-இல் மன்ஹாட்டனில் கலகக்காரர் கறுப்பின மக்களைத் தாக்கியபோது, உயிர் தப்பியோர் சிலர்க்கு இவ்வூர் புகலிடம் தந்தது.

பின்னர் நகரம் வளர்ந்து அவ்வூரை விழுங்கிற்று. 1936-இல் ஃபுல்டன் தெருவின் அடியில் இருப்புப்பாதை திறக்கப்பட, ஹார்லத்திலிருந்து கறுப்பினக் குடும்பங்கள் அருகிலுள்ள பெட்ஃபோர்ட்–ஸ்டைவசண்ட் பகுதிக்கு வந்தன. ஆனால் அரசு சார்ந்த வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று அந்நாளில் தீட்டிய வரைபடத்தில் அப்பகுதி சிவப்பு நிறம் பெற்றது. சிவப்பு என்றால் கடன் கொடுத்தல் இடர் என்று பொருள். கறுப்பின மக்கள் வாழ்வதே ஒரு குறையாகக் குறிக்கப்பட்டது! வரைபடம் வரைந்தவர் கையிலிருந்த வண்ணக்கோல், குடியிருந்தவர் வீட்டுக் கூரையைப் பழுதுபார்க்கவும் தடையாயிற்று. வீட்டு வசதியில் இன வேற்றுமை பாராட்டலைத் தடுக்கும் கூட்டரசுச் சட்டம் 1968-இல்தான் வந்தது.

அதே 1968-இல், வரலாற்றாய்வாளர் ஜேம்ஸ் ஹர்லி, வானூர்தி ஓட்டுநர் ஜோசப் ஹெய்ன்ஸ் என்பாருடன் பறந்து, மறக்கப்பட்ட வீக்ஸ்வில்லைத் தேடினார். நேர்நேரான தெருக்களுக்கிடையே ஒரு பழஞ்சந்து மட்டும் கோணலாகக் கிடந்தது. அதன் ஓரத்தில் சிறு மரவீடுகள் நான்கு! அவற்றைக் காப்பாற்றும் முயற்சியில் அருகிலிருந்த பள்ளிச் சிறுவரும் பங்கேற்றனர். 1970-இல் அவை காப்புக்குரிய சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

இவற்றையெல்லாம் என் மாணவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், “வாடகை எவ்வளவு என்று சொல்லவில்லையே, ஐயா” என்றார். இரண்டு திங்கள் கழித்து மீண்டும் அழைத்தார். அந்நான்கு வீடுகளுக்குப் பத்து நிமிட நடைத் தொலைவில் குடியேறியிருக்கிறாராம். வாடகைதான் சற்று மிகுதியாம்.