இருபத்தாறாவது ஆள்

1998, செப்டம்பர் 8. நான் அமெரிக்கா வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பேஸ்பாலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: பந்தை வேலிக்கு அப்பால் அடித்தால் ஹோம் ரன், நம்ம ஊர் சிக்ஸர் மாதிரி. அன்று செயின்ட் லூயிஸில் மார்க் மெக்வயர் அந்த சீசனின் 62-வது ஹோம் ரன்னை அடித்தார். ரோஜர் மாரிஸ் 1961-ல் வைத்த 61 என்ற சாதனை உடைந்தது. டிவி முன்னால் அறைத்தோழனோடு நானும் எழுந்து நின்று கைதட்டினேன்.

அதற்குச் சில வாரங்கள் முன்புதான் மெக்வயரின் லாக்கரில் ஆண்ட்ரோஸ்டீன்டையோன் குப்பி ஒன்றை ஒரு செய்தியாளர் பார்த்து எழுதியிருந்தார். ஒலிம்பிக்கில் தடை. பேஸ்பாலில் தடையில்லை, கடையிலேயே வாங்கலாம். "விதியில இல்லாதப்ப அது எப்படிப்பா ஏமாத்து வேலை?" என்றான் தோழன். எனக்கும் சரியென்றே பட்டது.

வரலாறும் அவன் பக்கமே பேசுவதுபோல இருந்தது. 1889-லேயே பட் கால்வின் என்ற பந்துவீச்சாளர் விலங்கின் விதைப்பைச் சாற்றைப் போட்டுக்கொண்டார். பத்திரிகை அதைப் பாராட்டி எழுதியது. எச்சில் தடவிப் பந்து வீசுவது 1920-ல் தடைசெய்யப்பட்டது. கேலார்ட் பெர்ரி அதைச் செய்ததாக 1974-ல் சுயசரிதையிலேயே ஒப்புக்கொண்டார். 1991-ல் ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு இடமும் கிடைத்தது. அறுபது, எழுபதுகளில் வீரர்கள் ஆம்ஃபெட்டமின் மாத்திரைகளை விழுங்கிவிட்டு ஆடியதும் ரகசியமல்ல.

ஆனால் ஸ்டீராய்டு விஷயத்தில் விதியே இல்லை என்பது சரியல்ல. 1991-ல் கமிஷனர் ஃபே வின்சென்ட் அனுப்பிய சுற்றறிக்கையில் ஸ்டீராய்டும் தடைப்பட்டியலில் இருந்தது. சோதனைதான் இல்லை. அதற்கு வீரர்கள் சங்கத்தின் சம்மதம் வேண்டும். 1994 வேலைநிறுத்தத்தில் வேர்ல்ட் சீரிஸே ரத்தாகிப்போனது. கோபித்துக்கொண்டு போன ரசிகர்களைத் திரும்ப அழைத்து வந்தவை ஹோம் ரன்கள். கல்லா நிறையும்போது யார் குடைந்து கேட்பார்கள்? பெயர் வெளியிடாத சோதனை 2003-ல்தான் வந்தது, தண்டனை 2004-ல்.

2010-ல் மெக்வயர் ஸ்டீராய்டு எடுத்ததை ஒப்புக்கொண்டார். காயங்களிலிருந்து மீளத்தான் எடுத்தேன் என்றார். நான் நம்புகிறேன். ஆனாலும் அன்றுதான் என் மனம் மாறியது.

அன்றைய அணியில் 25 பேருக்குத்தான் இடம். 26-வது ஆள் கீழ்நிலை லீகில், சொற்பச் சம்பளத்தில், பேருந்தில் ஊர் ஊராகப் போய் ஆடிக்கொண்டிருப்பார். அவருக்கும் காயம் உண்டு. ஊசி போட்டுக்கொண்டவர் சீக்கிரம் எழுந்து வந்துவிட்டால், போடாதவர் என்ன செய்வார்? உடம்பைப் பணயம் வைக்க வேண்டும், இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டும். எச்சில் பந்து ஏமாற்றுவது எதிரே நிற்கும் மட்டையாளரை. இது ஏமாற்றுவது, அதே சட்டையைப் போட விரும்பி உழைத்தவரை. அதனால் இது மோசடிதான் என்பேன். காவல் காக்காத முதலாளிகளும் சங்கமும் அதில் கூட்டாளிகள்.

762 ஹோம் ரன் அடித்த பேரி பாண்ட்ஸ், ஸ்டீராய்டு சந்தேகத்தால், 2022 வரை பத்து முறை செய்தியாளர்களின் வாக்கெடுப்பில் நின்றும் ஹால் ஆஃப் ஃபேமில் நுழையவில்லை. அந்தக் காலத்தின் கமிஷனர் பட் செலிக் 2017-லேயே உள்ளே போய்விட்டார்.

ஊசி வேண்டாமென்று ஊர் திரும்பியவரின் பெயர் எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை. 1998-ல் அவரையும் தோற்கடித்த அடிக்குத்தான் நான் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறேன்.