நிறுவனத் தலைமைத்துவ முதுநிலைப் படிப்பு

நிறுவனத் தலைமைத்துவ முதுநிலைப் படிப்பு என்பது ஓர் அமைப்பில் உள்ளோரைப் பொது நோக்கம் ஒன்றை நோக்கி வழிநடத்தும் முறைகளை ஆராயும் பட்ட மேற்படிப்பு ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் பல பல்கலைக்கழகங்கள் இதனை வழங்குகின்றன. பணியில் இருப்போர் பலர் இதில் சேர்கின்றனர்.

பாடங்கள்

வணிக மேலாண்மைப் படிப்பில் கணக்கியல், நிதி, சந்தைப்படுத்தல் ஆகியன முதன்மை பெறுகின்றன. இப்படிப்போ உளவியல், சமூகவியல், அறவியல் ஆகியவற்றைப் பெரிதும் சார்ந்தது. நிறுவன நடத்தை, மாற்ற மேலாண்மை, பிணக்குத் தீர்வு ஆகியன இதன் வழக்கமான பாடங்கள். எனவே மருத்துவமனை, பள்ளி, தொண்டு நிறுவனம் ஆகியவற்றில் பணிபுரிவோருக்கும் இது பொருந்தும்.

ஆய்வுப் பின்புலம்

தலைமைப் பண்பு பிறவியில் அமைவது என்ற கருத்து ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. 1939 இல் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு வேறொரு பார்வையை அளித்தது. அயோவாவில் சிறுவர் குழுக்களைப் பெரியவர்கள் அதிகார முறையிலும் மக்களாட்சி முறையிலும் தலையிடா முறையிலும் வழிநடத்தினர். தலைவர் அறையை விட்டு நீங்கியதும் அதிகார முறைக் குழுக்களில் வேலை வெகுவாகக் குறைந்தது. மக்களாட்சி முறைக் குழுக்களில் தொடர்ந்தது. ஒரே தலைவர் வெவ்வேறு முறைகளைக் கையாண்டமையால், வழிநடத்தும் முறை பயின்று மாற்றிக்கொள்ளத் தக்கது என்பது புலனாயிற்று. இப்படிப்பின் அடிப்படையும் இதுவே.

1978 இல் ஜேம்ஸ் மெக்கிரெகர் பர்ன்ஸ், கைம்மாறு தந்து வேலை வாங்கும் தலைமையையும் பின்பற்றுவோரின் நோக்கங்களையே உயர்த்தும் தலைமையையும் வேறுபடுத்தினார். 1985 இல் பெர்னார்ட் பாஸ் இதனை நிறுவனங்களுக்கு விரித்தார்.

விமர்சனம்

பணி அனுபவம் இல்லாதோரை வகுப்பறையில் மேலாளர்களாக உருவாக்க இயலாது எனக் கனடிய அறிஞர் ஹென்றி மின்ட்சுபெர்க் 2004 இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். வணிக மேலாண்மைப் படிப்பைக் குறித்து எழுந்த இவ்வாதம், தலைமைத்துவப் படிப்புக்கும் பொருந்தும்.