சூரத்தில் பறந்த செருப்பு

1907 டிசம்பர் 27. சூரத் காங்கிரஸ் பந்தலில் மேடையை நோக்கி ஒரு மராட்டியச் செருப்பு பறந்து வந்தது. சிவந்த தோல், கூர்மூக்கு, அடியில் ஈயக் குமிழ்கள் என்று அதன் அங்க லட்சணங்களை நேரில் பார்த்த ஆங்கிலப் பத்திரிகையாளர் நெவின்சன் எழுதிவைத்திருக்கிறார். அது சுரேந்திரநாத் பானர்ஜியின் கன்னத்தில் பட்டு, பிரோஸ்ஷா மேத்தாவின் மேல் தெறித்தது. அப்புறம் நாற்காலிகளும் தடிகளும் பேசின. போலீஸ் வந்துதான் பந்தலைக் காலி செய்தது.

காங்கிரஸ் உடைந்தது. ஒரு பக்கம் பானர்ஜி, மேத்தா போன்ற மிதவாதிகள், மறுபக்கம் திலகரின் தீவிரவாதிகள். தமிழகத்திலிருந்து போன வ.உ.சி.யும் பாரதியும் திலகர் அணி.

இன்று தீவிரவாதி என்றதும் வெடிகுண்டு நினைவுக்கு வருகிறது. அன்றைக்குக் காங்கிரஸுக்குள் அந்தப் பட்டம் கிடைக்கப் பகிஷ்காரம், சுதேசி, தேசியக் கல்வி, சுயராஜ்யம் என்று அழுத்திப் பேசினாலே போதும். வேடிக்கை என்னவென்றால், இந்த நான்கையும் முந்தைய ஆண்டு கல்கத்தா காங்கிரஸே தீர்மானமாக நிறைவேற்றியிருந்தது! சூரத்தில் அவற்றை நீர்த்துப்போகச் செய்துவிடுவார்களோ என்ற சந்தேகம்தான் சண்டைக்கு வித்து.

பட்டத்தைத் திலகர் ரசிக்கவில்லை. தேசியவாதிகள் என்றே தம் அணியைச் சொல்லிக்கொண்டார். 1907 ஜனவரியில் கல்கத்தாவில் பேசும்போது, மிதவாதி, தீவிரவாதி என்பதெல்லாம் காலத்தைப் பொறுத்தவை, இன்றைய தீவிரவாதி நாளை மிதவாதியாகிவிடுவார் என்று வாதாடினார்.

இதற்குச் சாட்சி தேடி அலைய வேண்டாம். செருப்படி வாங்கிய பானர்ஜியே போதும். 1883-ல் ஒரு நீதிபதியைத் தம் பத்திரிகையில் சாடியதற்காக 2 மாதம் சிறை சென்றவர் அவர். கல்கத்தா மாணவர்கள் அவருக்காகத் தெருவில் இறங்கினார்கள். அன்றைய வெள்ளை அதிகாரிகளின் கண்ணில் அவரைவிடப் பெரிய கலகக்காரர் யார்?

1908-ல் அரசு தன் பங்குக்குத் திலகரை 6 ஆண்டு மாண்டலே சிறைக்கு அனுப்பியது. வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1916 லக்னோ மாநாட்டில் திலகர் அணி மீண்டும் காங்கிரஸுக்குள் வந்தது. இரண்டே ஆண்டில் வெளியேறியவர்கள் மிதவாதிகள்!

பானர்ஜி 1921-ல் சர் பட்டம் பெற்றார், வங்காளத்தில் மந்திரியும் ஆனார். 1923 தேர்தலில் சுயராஜ்யக் கட்சியின் ஆதரவோடு நின்ற ஓர் இளம் டாக்டர் அவரைத் தோற்கடித்தார். பெயர் பி.சி.ராய்.