அத்திலாந்திக் நகரின் கடற்கரைப் பேரம்

கடற்கரை நகரொன்றைப் புதுப்பிக்கப் பெருமுதல் வரும்பொழுது, விளையும் நன்மையில் அந்நகர மக்களுக்கும் பங்குண்டு என்று சொல்லாத அரசாங்கம் இல்லை. அப்பங்கு எவ்வளவு, எப்பொழுது கிடைக்கும், கிடைக்காவிடில் யாரைக் கேட்பது என்பனவே பேரத்தின் உயிர்நிலையான வினாக்கள். அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள அத்திலாந்திக் நகரின் வரலாறு இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை தருகின்றது.

1854இல் புகையிரதப் பாதை வந்தபின் உருவான உல்லாச நகர் அது. 1870இல் கடலோரமாகப் பலகை நடைபாதை அமைக்கப்பட்டது. ஹொட்டேல்களிற் சமைத்தவரும் சுமந்தவரும் துடைத்தவரும் பெரும்பாலும் கறுப்பின மக்களே. ஆயினும், அவர்களுடைய உழைப்பால் வாழ்ந்த நகரிலே கடற்கரையின் ஒரு துண்டு மட்டுமே அவர்கள் குளிப்பதற்கு விடப்பட்டிருந்தது. போருக்குப் பின் விமானப் பயணம் பெருகவே, உல்லாசப் பயணிகள் வேறு கரைகளை நாடினர். 1930இல் 66,198 ஆக இருந்த சனத்தொகை 1970இல் 47,859 ஆகக் குறைந்தது.

நலிந்த நகரை உயிர்ப்பிக்கும் மருந்தெனச் சூதாட்டம் முன்வைக்கப்பட்டது. 1974இல் நடந்த மாநில வாக்கெடுப்பில் மக்கள் அதனை நிராகரித்தனர். 1976இல் அந்நகருக்கு மட்டும் எனச் சுருக்கி மீண்டும் கேட்கப்பட்டபொழுது இணங்கினர். கசினோக்களின் வரி வருவாய் மாநிலம் முழுவதிலுமுள்ள முதியோருக்கும் வலுவிழந்தோருக்கும் பயன்படும் என்னும் உறுதி அப்பொழுது வழங்கப்பட்டது. இவ்விடத்தில் ஓர் உண்மையை நாம் மறத்தலாகாது. மாநில வாக்காளருக்கு அவர்களுடைய பங்கு அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது. கடற்கரையிற் குடியிருந்த ஏழைகளுக்கோ புத்துயிர் என்னும் சொல் மட்டுமே கிடைத்தது.

1978 மே மாதத்தில் முதலாவது கசினோ திறக்கப்பட்டது. நிலத்தின் விலை ஏறியது. வாடகைக் குடியிருப்பாளர் வெளியேற்றப்பட்டனர். பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, ஊக வணிகர் வாங்கிய மனைகள் வெறுமையாகக் கிடந்தன. வருவாயில் 2 வீதத்தைக் கசினோக்கள் மறுமுதலீடு செய்தல் வேண்டும் என 1977ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது உண்மையே. ஆனால், அவகாசம் நீண்டது; கட்டுப்பாடு தளர்ந்தது. ஓட்டைகள் நிறைந்த வலையில் எந்த மீன் அகப்படும்? 1984இல் சட்டம் திருத்தப்பட்டது. வருவாயில் 1.25 வீதத்தை முதலீடு செய்க, அன்றேல் 2.5 வீதத்தை வரியாகச் செலுத்துக என்பது புதிய விதி. அப்பணத்தை வழிப்படுத்த மறுமுதலீட்டு அபிவிருத்தி அதிகாரசபையொன்றும் நிறுவப்பட்டது.

அச்சபை சில வீடுகளைக் கட்டியது. அதனை மறுப்பது நேர்மையாகாது. எனினும், அதன் உறுப்பினரிற் பெரும்பாலோர் ஆளுநரின் நியமனம் பெற்றவர்கள், குடியிருப்பாளர் தெரிந்தெடுத்தவரல்லர். காலப்போக்கில் அதன் நிதி கசினோ ஹொட்டேல்களின் விரிவாக்கத்துக்கும் சென்றது. 1990களில், டொனால்ட் ட்ரம்பின் கசினோவுக்கு வாகனத் தரிப்பிடம் அமைப்பதற்காக ஒரு முதிய விதவையின் வீட்டைச் சுவீகரிக்கவும் அதே சபை முற்பட்டது. 1998இல் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. மக்களுக்கென உருவாக்கிய கருவி மக்கள் மீதே திரும்பியமைக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

2006இல் கசினோக்களின் ஆண்டு வருவாய் 520 கோடி டொலரை எட்டியது. அதே ஆண்டில் நகரின் முழுமையான பலசரக்கு அங்காடி மூடப்பட்டது. 2021இல் புதிய அங்காடிக்கு அடிக்கல் நாட்டும் விழா நடந்தது. 2023இல் அத்திட்டமும் கைவிடப்பட்டது. இதற்கிடையே, 2014இல் பன்னிரண்டு கசினோக்களுள் நான்கு மூடப்பட, ஏறத்தாழ 8,000 பேர் வேலை இழந்தனர். 2016இல் நகராட்சியின் நிர்வாகத்தையே மாநில அரசு தன் பொறுப்பில் எடுத்தது.

இத்தனைக்கும் இடையில் நிலைத்து நின்ற பயன் யாதெனின், தொழிலாளர் தாமே பேசிப் பெற்றதாகும். 2004இல் சுமார் 10,000 ஹொட்டேல் தொழிலாளர் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தனர். ஒப்பந்தக் காலம் பற்றிய கோரிக்கையை அவர்கள் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. ஆயினும், மருத்துவக் காப்புறுதியைக் காத்துக்கொண்டனர். 2016இல் 'தாஜ்மகால்' கசினோவில் நடந்த வேலைநிறுத்தத்தின் முடிவில் முதலாளி கதவடைத்தான் என்பதும் உண்மை. சங்கம் எப்பொழுதும் வெல்வதில்லை. எனினும் அது தளரவில்லை. 2022இல் அதே சங்கம் குறிப்பிடத்தக்க ஊதிய உயர்வைப் பெற்றது.

இரு பேரங்களையும் ஒப்புநோக்குவோம். ஒன்றில், மக்களின் பெயரால் வேறு யாரோ பேசினர்; சட்டம் தவறியபொழுது கேட்பதற்குக் குடியிருப்பாளரிடம் அமைப்பு இருக்கவில்லை. மற்றதில், பேசியோர் தாமே பயனுக்கு உரியவர்; ஒப்பந்தம் மீறப்பட்டால் வேலையை நிறுத்தும் பலமும் அவர் கையில் இருந்தது. காடு வெட்டி நாடாக்கியவன் நிலத்துக்கு உரிமை கேட்பது போல, கரையை வாழவைத்தவர் கரையின் பயனைக் கேட்பது இரப்பன்று, உரிமையாகும். அவ்வுரிமையைச் சட்டத்தில் எழுதினாற் போதாது. தொகை, காலம், தண்டம் ஆகிய மூன்றும் வரையறுக்கப்படல் வேண்டும். அவற்றை மேற்பார்வை செய்யும் சபையிலே குடியிருப்பாளர் தெரிந்தெடுத்தவர் அமர்தல் வேண்டும். முதல் அத்திவாரக்கல் நாட்டப்படுமுன் இது நிகழாவிடின், பின்னர் நிகழ்வது அரிது. அத்திலாந்திக் நகரின் ஏழைகள் பெருவிலை கொடுத்துக் கற்ற பாடம் இதுவே.