அங்கி அணியாத ஆயர்கள்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் உறுப்பினருள் இந்துக்கள் உளர், கிறிஸ்தவர் உளர், புத்தம் தழுவியோரும் உளர். இம்மலரில் கிறிஸ்தவப் போதகர்களைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று நம் இளைஞர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் நம் சேரிகளுக்குள் எழுத்து எவ்வழியாக நுழைந்தது என்று தேடிச் செல்வோர், பல ஊர்களில் ஓர் உபதேசியாரின் கூரைக் குடிசை வாயிலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஞாயிறன்று அவர் ஆராதனை நடத்தினார். ஏனைய நாட்களில் வாத்தியாராக இருந்தார். ஆகவே அவர் பட்ட பாட்டை அறிவது நம் கல்வியின் வரலாற்றை அறிவதேயாகும். அயோத்திதாசப் பண்டிதரும், சுவாமி சகஜானந்தரும், பிற சான்றோரும் நம் மக்களுக்குக் கல்வி தர உழைத்ததை இது சிறிதும் குறைத்துவிடாது. அவர்களைப் பற்றி நம் மேடைகளில் பேசுகிறோம். உபதேசியாரைப் பற்றிப் பேசுவோர் இலர், அதனாலேயே இக்கட்டுரை.

மிஷன் வரலாறு என்றவுடன் சுவார்ட்ஸ், கால்டுவெல், போப் ஆகிய பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. அவர்கள் பெரியோர், ஐயமில்லை. ஆனால் கடல் கடந்து வந்த குருமார் ஊர் ஊராகச் சென்று தாமே அனைத்தையும் செய்தனர் என்று எண்ணுவது பிழை. மொழியும் வழியும் அறிந்தவர், வெயிலில் நடந்தவர், அடிபட்டவர், பிணத்தைச் சுமந்தவர் இந்நாட்டு மக்களே. அவர்களுள் பலர் நம்மவர்.

1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள் சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் கரையிறங்கினர். சில ஆண்டுகளில் தமிழ் அச்சுக்கூடம் அமைந்தது; 1715க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாயிற்று. ஆனால் தரங்கம்பாடி டென்மார்க்கு நாட்டினரின் கோட்டை. அதற்கப்பால் தஞ்சை மராட்டிய மன்னரின் நாடு. அந்நாட்டுக்குள் ஐரோப்பியக் குருமார் எளிதில் நுழைய இயலாது. எனவே உள்நாட்டுச் சிற்றூர்களில் நடந்த பணி பெரும்பாலும் தமிழரான உபதேசியார்களின் பணியே. அவர்களுள் தலைசிறந்தவர் இராஜநாயக்கன்.

இவர் பறையர் குலத்தில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தஞ்சை மன்னரின் படையில் வீரராயிருந்தார். தரங்கம்பாடியில் அச்சான வேதபுத்தகம் இவர் கைக்கு வந்தது, படித்தார், படித்ததைப் பிறருக்கும் சொல்லத் தொடங்கினார். 1720களின் பிற்பகுதியில் லுத்தரன் சபையில் சேர்ந்து, பின்பு படைத்தொழிலை விட்டு உபதேசியாரானார். நம் இளைஞர் இவ்விடத்தில் சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன், அச்சுப் புத்தகமே புதுமையாயிருந்த காலத்தில், நம்மவர் ஒருவர் அதைக் கையிலேந்திப் படித்து ஊரார்க்குப் பொருள் சொன்னார். எழுத்து நமக்கு நேற்றுக் கிடைத்த பிச்சை என்று பேசுவோர்க்கு இராஜநாயக்கனே விடை.

உபதேசியாருக்கும் குருவுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கூறுதல் வேண்டும். உபதேசியார் கற்பிக்கலாம்; ஜெபம் நடத்தலாம்; நோயாளியைக் காணலாம். ஆனால் திருவிருந்தில் அப்பமும் பாத்திரமும் வழங்கும் உரிமை குருப்பட்டம் பெற்றவருக்கே உண்டு. 1733 டிசம்பர் 28ஆம் நாள் கடலூர் வேளாளரான ஆரோன் என்பவர் குருப்பட்டம் பெற்றார். இந்தியப் புராட்டஸ்டண்டு குருமாருள் முதல்வர் இவரே. சில ஆண்டுகளில் இரண்டாம் குரு ஒருவர் தேவைப்பட்டார். தகுதியைப் பார்த்தால் இராஜநாயக்கனின் பெயர் முன்னே நின்றது. குருமாரும் அவரை எண்ணிப் பார்த்தனர். ஆனால் பறையர் ஒருவர் கையால் மேற்சாதிக் கிறிஸ்தவர் திருவிருந்து பெறமாட்டார் என்ற அச்சம் குறுக்கே வந்தது. 1741இல் தியோகு என்பவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. இராஜநாயக்கன் 1771இல் இறக்கும் வரை உபதேசியாராகவே உழைத்தார்.

போதகர்களின் தியாகம் என்றவுடன் பசி, நடை, நோய் இவற்றையே நாம் எண்ணுகிறோம். இராஜநாயக்கன் சுமந்த சுமை வேறு. தகுதி உண்டு என்று சொல்லிவிட்டு, சாதியைக் காட்டித் தள்ளிய அதே சபைக்கு முப்பது ஆண்டுகள் உழைப்பது எத்தகைய சுமை! அவர் ஏன் விலகவில்லை என்று நம் இளைஞர் சினத்துடன் கேட்பர். நமக்கும் அச்சினம் உண்டு. ஆனால் அவர் விலகியிருந்தால் இழப்பு, அவரைத் தள்ளிவைத்தவர்களுக்கன்று. அவர் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த தஞ்சை நாட்டுச் சேரிகளுக்கே. அங்கி அவருக்கு மறுக்கப்பட்டது. ஆயர் பணியை அவர் மறுக்கவில்லை.

தெற்கே, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியில், மகராசன் என்னும் சாம்பவர் ஒருவர் இருந்தார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் சிதம்பரத்திற்கு யாத்திரை சென்றார். மன நிறைவு கிட்டவில்லை. திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கோலாப் ஐயரைச் சந்தித்தார்; திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் ஆனார். ஊர் திரும்பித் தம் உறவினர்க்கு இதைச் சொன்னபோது ஒரு கூட்டம் அவருடன் சேர்ந்தது. தொல்லையும் சேர்ந்தே வந்தது. திருவிதாங்கூர் அரசில் நம்மவர் நிலை அந்நாளில் எவ்வாறிருந்தது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஊரையே விட்டுத் தஞ்சைப் பக்கம் குடிபெயர்ந்துவிடலாமா என்றுகூட அவர்கள் எண்ணினர். வேதமாணிக்கம் மீண்டும் வடக்கே சென்று குரு ஒருவரை அனுப்புமாறு வேண்டினார். அதன் பயனாகவே ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர், லண்டன் மிஷன் சார்பில், 1806இல் தெற்கே வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது, பள்ளியும் தொடங்கியது. அந்தப் பள்ளி பின்னர் நாகர்கோவிலுக்குப் பெயர்ந்து வளர்ந்தது. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் வேர் அதுவே.

இக்கதையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. மிஷனரி வந்து நம்மவரைத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. நம்மவர் ஒருவர் நடந்து சென்று மிஷனரியை அழைத்து வந்தார். 1816இல் ரிங்கல்தௌபே உடல் நலிந்து நாட்டைவிட்டுப் புறப்பட்டபோது பொறுப்பை வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்தார். அடுத்த மிஷனரியான மீட் 1818இல் வந்து சேரும் வரை சபைகளையும் பள்ளிகளையும் தாங்கியவர் அவரே.

சாதியை ஆலயத்திற்குள் விடலாகாது என்ற முயற்சியும் இல்லாமலில்லை. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், ஆங்கிலிக்கன் சபைகளில் சாதி வேற்றுமையை உடனே விட்டொழிக்க வேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெருங்குழப்பம் மூண்டது. ஒரே இடத்தில் உட்காருவதற்கும் ஒரே பாத்திரத்தில் பருகுவதற்கும் உடன்படாமல் பலர் ஆலயத்தை விட்டே வெளியேறினர். அச்சண்டையின் நடுவே நம்மவர் அமைதியாக அமர்ந்திருந்தனர். உட்கார்ந்திருப்பதே போராட்டமாயிருந்த நாட்கள் அவை.

இனி, பெயர் தெரியாதவர்களைப் பற்றிச் சொல்லுவோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், குறிப்பாக 1876-78 ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சத்தின்போதும் அதற்குப் பின்னும், நம் மக்கள் ஊர் ஊராகச் சபைகளில் சேர்ந்தனர். கஞ்சிக்கு மதம் மாறினர் என்ற ஏளனம் அக்காலத்திலேயே எழுந்தது. பஞ்சத்தில் கஞ்சி ஊற்றாதவர்களே அதை உரக்கச் சொன்னார்கள் என்பதை மட்டும் இங்கே குறித்துவிட்டு மேலே செல்வோம். இவ்வளவு பேருக்குப் போதிய குருமார் இல்லை. ஆகவே சிற்றூர்தோறும் ஓர் உபதேசியார்-ஆசிரியர் அமர்த்தப்பட்டார். சம்பளம் சொற்பம், அதுவும் முறையாக வருவது அரிது. சபையார் சமைக்கும்போது எடுத்து வைக்கும் பிடியரிசியே பல வீடுகளில் அடுப்பை எரியவைத்தது.

பகலில் பிள்ளைகள் மாடு மேய்க்கவோ களை பறிக்கவோ போய்விடுவர். பண்ணையாளின் பிள்ளையும் பண்ணைக்குரியவன் என்பதே அக்கால வழக்கு. எனவே பள்ளி இருட்டிய பின்பே கூடும். ஒரு விளக்கு, தரையில் பரப்பிய மணல், அதில் விரலால் எழுதிய அகரம். நம் பெரியோர் பலர் கற்றது இவ்வாறே. மிராசுதாருக்கு ஆலயத்தைக் காட்டிலும் இப்பள்ளிதான் உறுத்திற்று. கடன் சீட்டைப் படிக்கத் தெரிந்த ஆள், கைநாட்டு வைப்பதற்கு முன் அதில் எழுதியிருப்பது யாது என்று கேட்பான் அன்றோ! ஆகவே வாத்தியாருக்கு வேலை கொடுக்காதே, கிணற்றை அடை, கூரைக்குத் தீ வை என்று தொல்லைகள் தொடர்ந்தன. வாந்திபேதி கண்ட வீட்டை உறவினரே அணுக அஞ்சியபோது, உள்ளே நுழைந்து தண்ணீர் கொடுத்தவரும், குழி வெட்டி அடக்கம் செய்தவரும் பல ஊர்களில் இவ்வுபதேசியாரே.

தென்மாவட்டங்களில் போதகரை ‘ஐயர்’ என்று அழைப்பது பழைய வழக்கம். சேரியில் பிறந்த ஒருவர் குருப்பட்டம் பெற்று வந்தால் அவரும் ஐயரே. அச்சொல்லை உச்சரிக்க நேர்ந்தபோது ஊர்ப் பெரியதனக்காரர் சிலர் பட்ட சங்கடத்தை நம் முதியோர் நகைத்துக்கொண்டே கூறுவதுண்டு. ஆனால் ஐயரின் மனைவியைப் பற்றி எவரும் கூறுவதில்லை. நம் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் தையலும் கற்பித்தவர், பிரசவ வீட்டிற்கு நள்ளிரவில் ஓடியவர், ஐயர் சம்பளத்தில் வந்தவர் போனவர்க்கெல்லாம் உலையேற்றியவர் அவ்வம்மையாரே. சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

நில உரிமையிலும் இவர்களுடைய பங்கு உண்டு. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் பறையரின் நிலைமை குறித்து அறிக்கை எழுதினார். 1892இல் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது இதன் வழி வந்ததே. அவ்வட்டாரத்தில் ஆதம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி ஆகிய மிஷனரிகள் நம்மவர் சார்பில் வாதாடினர். அவர்கள் ஒவ்வொரு சேரியின் நிலைமையையும் அறிந்தது, அச்சேரியிலேயே வாழ்ந்த உபதேசியார்கள் வாயிலாகவே. இன்று பஞ்சமி நில மீட்புக்காக நிற்கும் நம் இளைஞர் இத்தொடர்பை அறிதல் நலம்.

1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. மிஷனரிகள் படிப்படியாக விடைபெற்றனர். அவர்கள் விட்டுச்சென்ற பங்களாக்களைப் பற்றியும் சொத்துக்களைப் பற்றியும் வழக்குகள் நேர்ந்தன. பதவிக்காகச் சாதி பார்த்து வாக்களித்ததும் உண்டு. சேரியை மறந்த போதகரும் உண்டு. இவற்றை மறைப்பது நம் மலருக்கு அழகன்று. ஆயினும் இவற்றைக் கொண்டே எல்லாரையும் அளப்பது, ஒரு பானைச் சோற்றில் கல்லை மட்டும் எண்ணுவதற்கு ஒப்பாகும். ஒரே போதகர் பல சிற்றூர்களைக் கவனிப்பதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றலாகி, பிள்ளைகளின் பள்ளியை மாற்றிக்கொண்டு மூட்டை கட்டுவதும் இன்றும் தொடர்கின்றன.

1980களில் சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியிலும் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியிலும் தலித் இறையியல் பேசப்பட்டது. அரசரடியில் ஆசிரியராயிருந்த தியாபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்று அன்புடன் அழைக்கப்பட்டவர், நாட்டுப்புற இசையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். இழிவு என்று ஒதுக்கப்பட்ட பறை ஆலயத்திற்குள் ஒலித்தது. 2005இல் அவர் மறைந்தார். 1990இல் மா. அசரியா சென்னைப் பேராயரானார். தலித் மக்களின் உரிமைக்காக உலக அவைகளிலும் குரல் கொடுத்த நம்மவர் இவர். 1741இல் எந்தக் கையிலிருந்து அப்பம் பெறத் தயங்கினரோ, அந்தக் கையே 1990இல் பிறரைக் குருவாக்கும் கையாயிற்று. இடையில் 249 ஆண்டுகள். கத்தோலிக்கத் திருச்சபையில் முதல் தலித் கர்தினால் 2022இல்தான் வந்தார். அவர் தெலுங்கு நாட்டினர்.

எனினும் ஒரு சுமை இன்னும் இறங்கவில்லை. 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிறப்பித்த அட்டவணைச் சாதியார் ஆணை, இந்து அல்லாதார் அப்பட்டியலில் இடம்பெறார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அவ்விலக்கு நீங்கியது. கிறிஸ்தவருக்கு நீங்கவில்லை. சென்னையில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்பவர், ஆதிதிராவிடருக்கு அரசு இலவசமாக அளித்த கடை தமக்குக் கிறிஸ்தவர் என்பதால் மறுக்கப்பட்டதென்று உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1985இல் வழக்குத் தோற்றது. 2007இல் அரசிடம் அளிக்கப்பட்ட ரங்கநாத் மிஸ்ரா ஆணைய அறிக்கை இவ்விலக்கை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் இதே பொருளை ஆராய கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையத்தை மத்திய அரசு அமைத்தது.

இதன் பாரம் சேரிப் போதகரின் மேசையில் வந்து விழுகிறது. திருமுழுக்குக் கொடுத்தால் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும். எழுதினால் அக்குழந்தைக்கு நாளை ஆதிதிராவிடர் சான்றிதழ் கிட்டாது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே இடம் கிட்டும். எழுதாவிட்டால் தம் சபையில் ஓர் ஆள் இல்லாமலே இருப்பார். எழுத வேண்டா என்று கண்ணீருடன் வேண்டும் தாய்மார் உண்டு. அவர்களைக் கோழைகள் என்று கூறப் போதகருக்கு நா எழுவதில்லை. கல்லூரிக் கட்டணம் எவ்வளவு என்பது அவருக்கும் தெரியும். அவர் பிறந்ததும் அதே தெருவில்தான். குருப்பட்டம் பெற்ற அன்றே, தம் பிள்ளைகள் எவ்வகைச் சான்றிதழுடன் வளர வேண்டியிருக்கும் என்பதை அறிந்துகொண்டே அவர் அங்கி அணிந்தார்.