வன்முறைக் குற்றங்களில் பாதிக்கப்பட்டோருக்கு சட்டம் வழங்கும் உரிமைகள் என்னென்ன?

பெங்களூரு: ஓசூர் சாலையில் உள்ள பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் தமிழ்நாடு உள்ளிட்ட பிற மாநிலத்தவரும் பணிபுரிகின்றனர். தாக்குதல், வழிப்பறி, பாலியல் வன்கொடுமை ஆகியவற்றுக்கு உள்ளாகும் தொழிலாளர்களுக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டம் பல உரிமைகளை அளிக்கிறது.

புகார்: குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம் என்கிறது பிரிவு 173. பொம்மசந்திராவில் தாக்கப்பட்டு ஊர் திரும்பியவர், கிருஷ்ணகிரியிலேயே புகார் அளிக்க இயலும். இணையவழிப் புகாரில் 3 நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். காவல் நிலையம் புகாரைப் பதிய மறுத்தால், காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்துப்பூர்வமாக அனுப்பலாம். அதிலும் தீர்வு இல்லையெனில் மாஜிஸ்திரேட்டை அணுகலாம்.

விசாரணை: விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் காவல் துறை தெரிவிக்க வேண்டும்.

சிகிச்சை: பாலியல் வன்கொடுமை, அமிலவீச்சு ஆகியவற்றில் பாதிக்கப்பட்டோருக்கு அரசு மருத்துவமனைகளும் தனியார் மருத்துவமனைகளும் உடனடியாக இலவச சிகிச்சை அளிக்க வேண்டும் என பிரிவு 397 கட்டாயப்படுத்துகிறது.

இழப்பீடு: குற்றவாளி யார் எனத் தெரியாவிட்டாலும், வழக்கு விசாரணையே நடைபெறாவிட்டாலும், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்திருப்பவர்களோ பிரிவு 396-இன் கீழ் மாவட்ட அல்லது மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். ஆணைக்குழு 2 மாதங்களுக்குள் விசாரணையை முடித்து இழப்பீடு வழங்க வேண்டும். இடைக்கால நிவாரணமும் வழங்கலாம். கர்நாடகாவில் இதற்கான திட்டம் 2011-இல் உருவாக்கப்பட்டது.

நீதிமன்றம்: நீதிமன்ற அனுமதியுடன், அரசுத் தரப்புக்கு உதவ சொந்த வழக்கறிஞரை நியமிக்கலாம். பாதிக்கப்பட்டவரின் கருத்தைக் கேட்காமல் வழக்கைத் திரும்பப் பெற நீதிமன்றம் அனுமதிக்கக் கூடாது.

மேல்முறையீடு: குற்றம்சாட்டப்பட்டவர் விடுவிக்கப்பட்டாலோ, இழப்பீடு போதாதெனக் கருதினாலோ மேல்முறையீடு செய்யலாம். விடுதலையை எதிர்த்து பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய உயர் நீதிமன்றத்தின் சிறப்பு அனுமதி தேவையில்லை என, கர்நாடகாவைச் சேர்ந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 12 அன்று பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோதே தாக்கப்பட்டவர் உயிரிழந்ததால், அவரது வாரிசுகளே வழக்கைத் தொடர்ந்தனர். சட்டத்தின் வரையறைப்படி வாரிசுகளும் பாதிக்கப்பட்டவர்களே.

இலவச சட்ட உதவி: சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987-இன் பிரிவு 12, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருடன் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் இலவச வழக்கறிஞர் பெறும் தகுதியை அளிக்கிறது. இதற்கு தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் 15100-ஐயும், அவசர காவல் உதவிக்கு 112-ஐயும் அழைக்கலாம்.

முதல் தகவல் அறிக்கை நகல், மருத்துவச் சான்று, சிகிச்சை ரசீதுகள், பணி இழப்புக்கான சம்பளச் சீட்டு ஆகியவற்றைப் பாதுகாத்து வைப்பது இழப்பீட்டு விண்ணப்பத்துக்கு உதவும்.