குறைமாதக் குழந்தையின் அம்மா எப்போது உள்ளே வந்தார்?

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பேத்தி 30 வாரத்திலேயே பிறந்து, இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு வந்திருக்கிறாள். தாத்தா கேட்டார்: "பிசியோதெரபிஸ்ட் அம்மா ரெண்டு தடவை செஞ்சு காட்டிட்டு, இனிமே வீட்ல நீங்களே செய்யுங்கன்னுட்டாங்க சார். வேலையை நம்ம தலையில கட்டிட்டாங்களோ?"

நியாயமான சந்தேகம்தான். ஆனால் அந்த "நீங்களே செய்யுங்க" என்ற சொல் வந்து சேர ஏறக்குறைய நூறு வருஷம் ஆனது. வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் இப்படித்தான், கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1880-ஐ ஒட்டிய பாரிஸ். உயிரியல் பூங்காவில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்த டார்னியே என்ற பிரசவ மருத்துவர், அதுபோல ஒன்றைக் குறைமாதக் குழந்தைகளுக்குச் செய்யச் சொன்னார். இன்குபேட்டர் பிறந்தது. அவருடைய மாணவர் பியர் புதேன் இன்னொன்றைக் கவனித்தார். பெட்டிக்குள் குழந்தை பிழைக்கிறது. ஆனால் பிரித்து வைக்கப்பட்ட தாய்க்குக் குழந்தைமேல் ஒட்டுதல் குறைகிறது. அதனால் தாய்மார்களை உள்ளே வரச் சொன்னார், பால் கொடுக்கச் சொன்னார். 1900-இல் புத்தகமாகவும் எழுதினார்.

அமெரிக்காவுக்கு இன்குபேட்டர் போனது. புதேனின் அறிவுரை போகவில்லை. நியூயார்க்கின் கோனி தீவில் 1903 முதல் 1943 வரை மார்ட்டின் கௌனி என்பவர் குறைமாதக் குழந்தைகளைப் பொருட்காட்சியில் வைத்தார். ஆமாம், ராட்டினத்துக்குப் பக்கத்தில்! நுழைவுக் கட்டணம் 25 சென்ட். அவர் மருத்துவம் படித்ததற்கே சான்று இல்லை என்கிறார்கள். ஆனாலும் பெற்றோரிடம் ஒரு காசு வாங்காமல் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றினார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பிறகு ஆஸ்பத்திரிகளே அந்த வேலையை எடுத்துக்கொண்டன. கிருமி வந்துவிடும் என்ற பயத்தில் தாயைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தின.

அந்தப் பயம் சரியா என்று சோதித்துப் பார்த்தது ஸ்டான்ஃபோர்டில். தாய்மார்களைக் கை கழுவச் சொல்லி உள்ளே விட்டார்கள். குழந்தையைத் தொட விட்டார்கள். தொற்று கூடவில்லை என்று 1970-இல் எழுதினார்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறை. எட்கர் ரே என்ற மருத்துவர் குழந்தையைத் தாயின் மார்போடு கட்டி வைக்கச் சொன்னார். இன்று நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் சொல்கிற கங்காரு பராமரிப்பு அதுதான்.

சரி, கை கால் பயிற்சி எதற்கு? கடைசி மூன்று மாதம் வயிற்றுக்குள் இடம் நெருக்கடி. குழந்தை மடங்கிச் சுருண்டு, சுவரை உதைத்து உதைத்து வளர்கிறது. முன்கூட்டியே வந்த குழந்தைக்கு அந்தச் சுவர் இல்லை. புவியீர்ப்பு அழுத்த, தவளை மாதிரி கை கால் பரப்பிக் கிடக்கிறது. தலையை நடுவில் நிறுத்துவதும், கையை வாய்க்குக் கொண்டுபோவதும் அதற்குப் பெரிய வேலை.

இந்தத் துறையின் ஆரம்ப காலத்தில், ஹிட்லருக்குத் தப்பி பெர்லினிலிருந்து லண்டன் வந்த பெர்த்தா போபாத், கார்ல் போபாத் தம்பதியின் பெயர் பெரியது. அவர்கள் முறையில் எல்லாம் சிகிச்சையாளரின் கைத்திறன்தான். அந்த வழியில் வந்த நான்சி ஃபின்னி 1968-இல் மூளை வாதக் குழந்தைகளின் பெற்றோருக்காகவே ஒரு நூல் எழுதினார். எப்படித் தூக்குவது, குளிப்பாட்டுவது, சட்டை மாட்டுவது, எல்லாம் படத்தோடு. வித்தை வீட்டுக்குள் வந்தது.

பின்னாளில் நார்வேயில் மூன்று ஆஸ்பத்திரிகளில் 153 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை. 34-ஆவது வாரத்திலிருந்து மூன்று வாரம், தினம் இரண்டு வேளை, ஒரு வேளைக்கு அதிகம் போனால் 10 நிமிடம்; செய்தது பெற்றோர். குழந்தை களைத்த அறிகுறி காட்டினால் உடனே நிறுத்த வேண்டும். 37-ஆவது வாரத்தில் அசைவு மேம்பட்டிருந்தது. ஆனால் இரண்டு வயதில் பார்த்தபோது இரு குழுக்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள்.

வீட்டுப்பாடம் கொடுத்தே காலம் தள்ளியவன் நான். ஒரே கணக்கு ஒரு வீட்டில் விளையாட்டு, இன்னொரு வீட்டில் அடி உதை. பயிற்சியும் அப்படி ஆகலாம். "இன்னைக்கு செய்ய முடியலையே" என்று தூங்காத தாய் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வாள். நெதர்லாந்தின் குரோனிங்கனில் வகுத்த முறை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் இதுதான். அங்கே தனிப் பயிற்சிப் பட்டியல் கிடையாது. சிகிச்சையாளர் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். குளிப்பாட்டும்போதும் விளையாடும்போதும் குழந்தை தானே முயல எப்படி இடம் கொடுக்கலாம் என்று பெற்றோரோடு பேசுவார். அசைவுத் திறனில் அதுவும் சராசரியாகப் பழைய சிகிச்சையை மிஞ்சிவிடவில்லை.

மெல்போர்னில் முதல் வருஷத்தில் ஒன்பது முறை வீடு தேடிப் போனார்கள். இரண்டு வயதில் அசைவுத் திறனில் பெரிய மாற்றமில்லை. ஆனால் பெற்றோரின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. குழந்தைகளின் நடத்தைச் சிக்கல்களும் குறைந்திருந்தன.

வாத்தியார் என்பதால் கடைசியாக ஒரு கணக்கு. 30 வாரத்தில் பிறந்த குழந்தை 10 வாரம் முந்தி வந்தது. ஆறு மாதம் ஆனால் அதன் வயதை ஏறக்குறைய மூன்றரை மாதம் என்று வைத்துத்தான் "தலை நின்றதா, புரண்டதா" என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தும் தாமதம் தெரிந்தாலோ, ஒரு பக்கக் கையை மட்டும் அசைத்தாலோ, உடம்பு விறைப்பாக இருந்தாலோ, அடுத்த தேதிவரை காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.